கம்பத்து ரேடாருக்கு எந்த இணைப்பு: ஈதர்நெட்டா, ஆர்எஸ்-485ஆ, சூரிய மின்தகடா?

ஆறு மீட்டர் உயரக் கம்பத்தில் வாகனங்களை எண்ணும் ரேடாரைப் பொருத்துவது அரை நாள் வேலை. அதற்கு மின்சாரத்தையும் தரவையும் எந்த வழியில் கொண்டுபோகிறோம் என்பதில்தான் அந்தக் கருவியின் ஆயுள் இருக்கிறது. ஏறத்தாழ 10 வாட் எடுக்கும் ஒரு ரேடாரை அளவுகோலாக வைத்து, புழக்கத்தில் உள்ள மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன்.

ஒரே கேட்-6 கேபிளில் மின்சாரமும் தரவும் சேர்ந்து செல்லும் பவர் ஓவர் ஈதர்நெட் முறையில், 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் தரப்படி சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் கருவி) முனையில் 15.4 வாட் கிடைக்கும். 100 மீட்டர் கேபிளைக் கடந்து வந்த பிறகும் கருவிக்கு 12.95 வாட் உறுதி என்பதால் நம் ரேடாருக்கு இது தாராளம். பின்னாளில் கேமரா சேர்க்கும் எண்ணம் இருந்தால், கருவிக்கு 25.5 வாட் தரும் 2009ஆம் ஆண்டின் 802.3ஏடி சுவிட்சையே முதலில் வாங்கிவிடலாம். இந்த முறையை நான் விரும்புவதற்கு முதன்மைக் காரணம் வேறு: ரேடார் உறைந்து நின்றுவிட்டால், அலுவலகத்தில் இருந்தபடியே அந்த போர்ட்டை அணைத்துப் போடலாம்; ஏணி வண்டியை வரவழைத்துப் போக்குவரத்தை மறிக்க வேண்டியதில்லை.

அதன் எல்லை 100 மீட்டர். தரையில் 70 மீட்டர் என்று அளந்து நிம்மதி அடையக் கூடாது. கம்பத்தின் உயரம், சுவிட்ச் இருக்கும் பெட்டிக்குள் ஏறும் நீளம், ஒவ்வொரு சேம்பரிலும் (தரைக்கடியிலுள்ள கேபிள் குழி) விடும் சுருள் எல்லாம் சேர்ந்தால் 95ஐ எளிதில் தொட்டுவிடும். கேபிளையும் சோதித்தே வாங்க வேண்டும். கம்பியின் செம்பு நிறத்தைப் பிளேடால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை கூடுதலான அந்தக் கேபிளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

தொலைவு 100 மீட்டரைத் தாண்டினால், எண்ணிக்கை மட்டும் அனுப்பும் ரேடாருக்கு என் தேர்வு 24 வோல்ட் டிசி மின்சாரமும், ஓர் இணைக் கம்பியில் தரவை அனுப்பும் ஆர்எஸ்-485 இணைப்பும்தான். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செல்லக்கூடிய இந்த இணைப்பில் வீடியோவை அனுப்ப முடியாது. இங்கே கவனம் முழுவதும் வோல்ட்டேஜ் இழப்பின் மேல் இருக்க வேண்டும். 250 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், போக வர மின்தடை ஏறத்தாழ 6 ஓம். 24 வோல்ட் கொடுத்தால் மறுமுனையில் 21 வோல்ட் வந்துசேரும், ரேடார் இயங்கும். அதே கம்பியில் 12 வோல்ட் கொடுத்தாலோ, எப்படி முயன்றாலும் 6 வாட்டுக்கு மேல் போய்ச்சேராது. மேசையில் சரியாக ஓடிய கருவி கம்பத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். தரவு இணைக்கு இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் தேவை. ஏ, பி என்ற குறிகளைச் சில தயாரிப்பாளர்கள் மாற்றி அச்சிடுவதால், தரவு வராதபோது அந்த இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

சாலையைத் தோண்ட அனுமதியே கிடைக்காத இடத்துக்குச் சூரிய மின்தகடும் 4ஜி மோடமும். ரேடாருக்கு மட்டுமே நாளொன்றுக்கு 240 வாட்-ஹவர் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வெயில் இல்லாமல் தாங்க, பாதிக்கு மேல் இறங்காத லெட்-ஆசிட் பாட்டரி என்று பார்த்தால் 12 வோல்ட்டில் 120 ஆம்பியர்-ஹவர் ஆகிறது. முப்பது கிலோவைத் தாண்டும் அந்த எடையும், தகட்டின் மேல் மோதும் காற்றும் கம்பத்தின் அடித்தளக் கணக்கையே மாற்றிவிடும். பக்கத்துத் தெருவிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பார்கள். பல தெருக்களில் அந்த லைனுக்கு இரவில் மட்டுமே மின்சாரம் வருவதால், அங்கும் பாட்டரி இல்லாமல் முடியாது.

எந்த வழியானாலும், கேபிள் ரேடாருக்குள் கீழிருந்து மேலாகவே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் அளவு கீழே தொங்கி வளைய வேண்டும். நான் பிரித்துப் பார்த்த ஒரு கனெக்டரில் அந்த வளைவை விடாததால், மழைநீர் கேபிள் வழியே இறங்கி, எட்டு பின்களிலும் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மின்னலால் திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரைப் பெட்டியில் ஒன்றும் கம்பத்தில் ஒன்றுமாக இரு முனைகளிலும் வைத்து, கம்பத்துக்கெனத் தனி எர்த் குழி வெட்டி, அந்த எர்த் கம்பியைச் சுருட்டாமல் நேராக இறக்க வேண்டும்.