ஜர்னைல் சிங்கா, நயீமுதீனா?

காரைக்குடிச் செம்மண் திடலில் பின்வரிசையில் ஆடும் பையன்களுக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டலாம்? இருவரும் இந்தியக் கால்பந்து அணியின் டிஃபெண்டர்கள், கேப்டன்களாகவும் இருந்தவர்கள்.

ஜர்னைல் சிங்கின் கதை கேட்டாலே சிலிர்க்கும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அந்தத் தலையோடு முன்வரிசைக்குப் போய், இறுதிப் போட்டியில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். 2-1, தங்கம். டிஃபெண்டர் என்றால் பந்தை வெளியே தள்ளுகிறவன் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நயீமுதீன் வேறு மாதிரி. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம் எடுத்தது. அப்புறம் பயிற்சியாளராகி இந்திய அணியையே நடத்தினார். 1990-இல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியர் விருது.

சரி, என் தேர்வு? சிலிர்ப்புக்கு ஜர்னைல். ஆனால் பையன்களுக்கு நயீமுதீன்தான். பின்னால் நின்று ஆடுபவன் கண்ணில் மொத்த மைதானமும் விழும். கால் ஓய்ந்த பிறகும் அந்தப் பார்வை கூடவே இருக்கும். அதைத் தொழிலாக்கிக்கொள்ள, அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது.