பாலியல் கல்வி: 'விலகி இரு' பாடமா, முழுமையான பாடமா?

அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும் என்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. திருமணம் வரை விலகி இருக்கச் சொன்னால் போதும் என்பது ஒன்று. உடல், சம்மதம், கருத்தடை, பால்வினை நோய்கள் எல்லாவற்றையும் வயதுக்கேற்பச் சொல்லித்தர வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

முதல் வகை பெற்றோருக்கு நிம்மதி தரும், சரி. ஆனால் பலன்? அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், அந்தப் பாடம் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே வயதில்தான் பாலுறவைத் தொடங்கியிருந்தார்கள்.

முழுமையான பாடம் பிள்ளைகளைத் தூண்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை என்கிறது யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி. அது 5 வயதிலிருந்தே தொடங்குகிறது என்றதும் அதிர்ச்சி அடைகிறார்கள். அந்த வயதுப் பாடத்தில் இருப்பது உடலுறுப்புகளின் சரியான பெயர், பிடிக்காத தொடுதலுக்கு 'வேண்டாம்' என்று சொல்வது, நடந்ததை யாரிடம் போய்ச் சொல்வது போன்றவை. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களே. நடந்ததைச் சொல்ல வார்த்தையே இல்லாத குழந்தை எப்படிப் புகார் சொல்லும்? வீட்டில் இதைப் பேசவே முடியாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் கைப்பேசிதான் மிச்சம்.

முழுமையான பாடத்துக்கு ஒரு சிக்கல் உண்டு: ஆசிரியர் கூச்சப்பட்டால் அந்தப் பக்கங்களை அப்படியே தாண்டிவிடுவார். அதனால் புத்தகம் அச்சடிக்கும் முன்பே ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.