கிராலர் ஸ்டியரிங்: எங்கே பித்தளை, எங்கே டைட்டானியம், எங்கே பிளாஸ்டிக்கே போதும்

ஆர்சி கிராலர், அதாவது ரிமோட்டில் ஓட்டும், பாறை ஏறும் சின்ன வண்டி, வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலருடைய கண் போகிற இடம் ‘முழு மெட்டல் ஸ்டியரிங் செட்’. நீலமோ சிவப்போ பூச்சு ஏற்றிய நக்கிள் இரண்டு, சி-ஹப் இரண்டு, டை ராட், ட்ராக் லிங்க், சர்வோ ஹார்ன், எல்லாம் ஒரே பையில், பெரும்பாலும் அலுமினியத்தில். நக்கிள் என்பது முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம். அதை ஆக்சில் (சக்கர அச்சு) நுனியில் பிடித்திருப்பது சி-ஹப். டை ராட் இரண்டு நக்கிளையும் இணைக்கும் கம்பி, ட்ராக் லிங்க் சர்வோவிலிருந்து நக்கிளுக்குப் போகும் கம்பி. சர்வோ ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார், ஹார்ன் அதன் தண்டில் ஏறும் கை. தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவும் குறைவு. ஆனால் அந்தப் பையில் இருக்கிற எல்லா உருப்படிக்கும் ஒரே உலோகம் பொருந்தாது என்பது என் கட்சி. ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது, வேறு விதமாகக் கெட்டுப்போகிறது.

ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 டூ மாதிரியான 1/10 அளவு, நேர் ஆக்சில் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். போர்ட்டல் ஆக்சில் வண்டிகளின் கணக்கு கொஞ்சம் வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைத் தரையில் வைத்து, முன் சக்கரங்களைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரிமோட்டில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புங்கள். சக்கரம் அசையாதபோது வேறு எது அசைகிறது என்று பாருங்கள். சர்வோ தன் இருக்கையோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளலாம். ஹார்ன் வளையலாம். ட்ராக் லிங்க் வில்லாகலாம். எதுவுமே அசையாமல் சர்வோ மட்டும் முனகினால் பாகங்களில் குறையில்லை, சர்வோவுக்குத்தான் வலு போதவில்லை. அந்த நிலையில் எந்த மெட்டல் செட்டும் பாறை இடுக்கில் சக்கரத்தைத் திருப்பித் தராது.

ஹார்னில் விவாதமே இல்லை. பிளாஸ்டிக் ஹார்ன், அதுவும் ஸ்பிரிங் வைத்த சர்வோ சேவர் வகை, வேகமாக ஓடும் வண்டிகளுக்கானது. சக்கரம் எதிலாவது அடித்தால் அதிர்ச்சி சர்வோ பல்லுக்குப் போகாமல் நடுவில் விட்டுக்கொடுக்கும். கிராலரில் அதே விட்டுக்கொடுப்பு எதிரி. பாறை பிடித்திருக்கும்போது சர்வோ திரும்பும், சக்கரம் திரும்பாது. பிளவு விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவால் இறுக்கும் அலுமினிய ஹார்ன் வாங்கினால் போதும். ஸ்பிளைன் (சர்வோ தண்டின் பல்) எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கட்டும்: ஃபுடாபா வகைக்கு 25 பல், சான்வா, ஜேஆர் வகைக்கு 23, ஹைடெக்கின் பழைய சர்வோக்களுக்கு 24. ஒரு பல் வித்தியாசம்தானே என்று அழுத்தி ஏற்றினால் பல்வரிசை நசுங்கிவிடும்.

ஹார்னில் எந்த ஓட்டை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 20 கிலோ-செ.மீ. சர்வோவில் மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி லிங்க்கைக் கோத்தால் தள்ளும் விசை 10 கிலோ. 1.5 செ.மீ.யில் கோத்தால் 13 கிலோவுக்கு மேல். உள் ஓட்டைக்கு வந்தால் திரும்பும் கோணம் குறையும், வலு கூடும். காசு செலவில்லாத ஒரே அப்கிரேட் இதுதான், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்து டை ராட். உலோகங்களுக்குள் உண்மையான போட்டி நடக்கிற இடம் இது. ஆக்சிலுக்கு முன்னால் தாழ்வாகத் தொங்கும் அமைப்பென்றால் பாறையில் முதலில் முட்டுவதும் இதுதான். பிளாஸ்டிக் ராட் முட்டினால் வளைந்து திரும்பிவிடும், உடைவது அபூர்வம். ஆனால் சக்கரம் இடுக்கில் மாட்டும்போதும் வளையும், அப்போது இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசை பார்க்கும். அலுமினியம் சாதாரண நேரத்தில் விறைப்பாக நிற்கும். பலமாக ஒரு அடி வாங்கினால் வளைந்து, அப்படியே தங்கிவிடும். செட்டில் வருவது பெரும்பாலும் 6061 ரகம். 7075 ஏறத்தாழ இரண்டு மடங்கு அடி தாங்கும், ஆனால் பை மேல் அந்த எண் இல்லையென்றால் 6061 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃகு விறைப்பில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. டைட்டானியம் இரண்டுக்கும் நடுவே, எஃகில் பாதியைவிடச் சற்று அதிகம். இதை வைத்து எஃகுதான் வென்றது என்று முடிவு கட்ட முடியாது. தாங்க முடியாத அடி விழும்போது சாதா ஸ்டெயின்லெஸ் ராட் வளைந்து நின்றுவிடும். கிரேட் 5 டைட்டானியம் அதே அடியில் நன்றாக வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் டை ராட் கோணிப்போய் சக்கரங்கள் மூக்கோடு மூக்கு உரசி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எடையையும் பார்த்துவிடலாம். 6 மி.மீ. தடிமனில் 10 செ.மீ. நீளமுள்ள திடமான ராட் அலுமினியத்தில் 8 கிராமுக்குள் இருக்கும், டைட்டானியத்தில் 12 முதல் 13, எஃகில் 22. கிராலரில் முன்பக்கத்தில், தாழ்வாக இருக்கும் எடை நல்லதுதான் என்பதால் எஃகின் எடையை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கையில் காசிருந்தால் டைட்டானியம், இல்லையென்றால் எஃகு. அலுமினிய டை ராடுக்கு நான் காசு தரமாட்டேன். ட்ராக் லிங்க் உயரமாக, பாறைக்கு எட்டாமல் இருப்பதால் அங்கே அலுமினியம் தாராளமாகப் போதும். எந்த ராடாக இருந்தாலும் நுனியில் வரும் ராட் எண்ட் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், உள்ளே உலோகக் குண்டு. உலோகத்துக்குள் உலோகம் உருளும் ராட் எண்ட் மண்ணும் நீரும் பட்டால் சீக்கிரம் ஆட்டம் கொடுத்துவிடும்.

நக்கிளுக்கு வருவோம். பிளாஸ்டிக் நக்கிளில் பேரிங் உட்காரும் குழி காலப்போக்கில் அகலமாகும், ஸ்க்ரூ மரை தேயும், ஸ்டியரிங் கை வளையும். அலுமினியம் போட்டால் இந்த மூன்றும் தீரும். பித்தளை போட்டாலும் தீரும். அப்படியென்றால் தேர்வு எடையைப் பொறுத்தது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, பித்தளைக்கு சுமார் 8.5. அலுமினியத்தில் 10 கிராம் வரும் நக்கிள், அதே வடிவில் பித்தளையில் 31 கிராம். ஜோடிக்கு 40 கிராமுக்கு மேல் கூடுதல், அதுவும் ஷாக் அப்சார்பருக்குக் கீழே, சக்கரத்தின் நடுமட்டத்தில். செங்குத்தான பாறையில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும் வண்டி இந்த எடையில் பிடித்துக்கொண்டு ஏறுவது கண்கூடு.

சக்கரத்துக்குள் எடை போடலாமே என்று கேட்கலாம். போடலாம்தான், ஆனால் அந்த எடையை மோட்டார் சுழற்றவும் வேண்டும், அந்தச் சுமை ஆக்சில் கியர் வரை போகும். நக்கிள் எடை சுழலாது. திரும்பும் அச்சை ஒட்டியே இருப்பதால் சர்வோவுக்கும் பெரிய பாரமில்லை. மெதுவாகப் பாறை ஏறுவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பித்தளை. 3எஸ் (மூன்று செல்) பேட்டரியில் மண்பாதையில் விரட்டுபவர் என்றால் அலுமினியம். கனமான ஆக்சிலை வேகத்தில் அந்தச் சின்ன ஷாக்கால் அடக்க முடியாது, வண்டி குதித்துக்கொண்டே போகும்.

சி-ஹப் விஷயத்தில் நான் கூட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. அலுமினிய சி-ஹப்புக்குள் அலுமினிய நக்கிள் நேராக உரசினால், இடையில் புஷ் (உரசலைத் தாங்கும் சின்ன வளையம்) எதுவும் இல்லாத மலிவு செட்டுகளில், இரண்டும் ஒன்றையொன்று தின்னும். புதிதில் ஆட்டமே இல்லாமல் இருக்கும் ஸ்டியரிங் பின்னால் பிளாஸ்டிக்கைவிட மோசமாக ஆடும். பிளாஸ்டிக் சி-ஹப்பில் உலோக நக்கிள் எண்ணெய் போட்ட மாதிரித் திரும்பும், தேய்மானமும் குறைவு. சி-ஹப் உடைந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது பித்தளை, அதுவும் புஷ் உள்ளது.

இவ்வளவையும் இறுக்கமாக்கிய பிறகு அடி எங்கே போகும்? நேராக சர்வோவின் பல்லுக்கு. பாகத்தை உலோகமாக்குவதால் சேதம் நிற்பதில்லை, அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்கிறது. அதனால் உலோகக் கியர் சர்வோ இல்லாமல் நக்கிளுக்குச் செலவு செய்வது வீண். 25 கிலோ-செ.மீ. சர்வோ மாட்டினால் இன்னொரு தலைவலி. மாட்டிக்கொண்டு திணறும்போது அது பல ஆம்பியர் இழுக்கும். இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள பிஇசி (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் சுற்று) சின்னதாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். தனி பிஇசி ஒன்று போட்டுவிட்டால் தீர்ந்தது.

போர்ட்டல் வண்டிகள், அதாவது 2017இல் வந்த ட்ராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4, 2020இல் வந்த எஸ்சிஎக்ஸ்10 த்ரீ போன்றவை: இங்கே சக்கரத்துக்குச் சக்தி தரும் கியர்கள் நக்கிளை ஒட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பேரிங் குழி இம்மி விலகினாலும் கியர் கத்தும், சீக்கிரம் தேயும். பெயர் தெரியாத மலிவு நக்கிளை இங்கே தொடவே வேண்டாம். எடை வேண்டுமென்றால் வெளி மூடியை மட்டும் பித்தளையில் மாற்றினால் போதும், நக்கிள் கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ தானே மரை வெட்டிப் பிடித்துக்கொள்ளும், உலோகத்தில் அதிர்வுக்குக் கழன்றுவிடும். ஆகவே உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. அப்புறம் ரிமோட்டில் எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோ திரும்பும் எல்லையை, புதிதாக அமையுங்கள். உலோக நக்கிள் சி-ஹப்பில் போய் இடித்து நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்தால் சர்வோ சூடாகிக் கருகும். இடிக்கும் புள்ளிக்கு ஒரு நூல் முன்னாலேயே சர்வோ நிற்கும்படி இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குறையுங்கள்.