ஒற்றை சிலிண்டர் காடிலாக்: பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

டெட்ராய்ட்டில் 1907-இல் தயாரான காடிலாக் மாடல் கே என்னிடம் இருக்கிறது. மிச்சிகன் கிராமத்துச் சாலைகளில் கோடை முழுவதும் அதை ஓட்டுகிறேன். இதை வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்பதைத்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கியர் பெட்டியில் சிறிய பற்சக்கரம் ஒன்று தேய்ந்து, கீழ் கியரில் வண்டி முனகியது. ஓடாமல் கிடந்த இன்னொரு மாடல் கே காரிலிருந்து கழற்றிய சக்கரத்தை நண்பர் தந்தார். அரத்தைத் தொடவே இல்லை, கச்சிதமாகப் பொருந்தியது. மற்றவர்கள் பெரும்பாலும் கைவேலையால் பாகங்களை இழைத்துப் பொருத்திய காலத்து வண்டி இது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பூரிக்கிறது. நிறுவனத்தை வழிநடத்திய ஹென்றி லேலண்ட், துப்பாக்கித் தொழிற்சாலைகளில் துல்லியம் பழகியவர். ஒரு காரின் பாகம் இன்னொன்றில் பொருந்துமா என்று சோதிக்க, 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பினர் இதே மாடலின் 3 கார்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பாகங்களைக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, இருப்பிலிருந்த புதியவற்றைப் போட்டுப் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின. வாகனத் தொழில்நுட்பச் சாதனைக்கு அந்த கிளப் தரும் டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது.

முன்னால் தெரியும் பானெட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1.6 லிட்டர் எஞ்சின் இருக்கைக்கு அடியில் படுத்திருக்கிறது. 10 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவை அபாரம். மேட்டில் கீழ் கியருக்கு மாற்றிவிட்டால் உரலில் உலக்கை விழுவது போல நிதானமாக இடித்துக்கொண்டே ஏறிவிடும். எரிபொருள் கலவையை எஞ்சினுக்குள் விடும் உள்வாங்கும் வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்தே வேகம் கூடும், குறையும். நெம்புகோலைச் சற்று நகர்த்தினாலே இடி நெருக்கமாவது காதில் விழும்.

எஞ்சினைக் கிளப்பும்போது, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளாமல் கைப்பிடியைச் சுழற்றாதீர்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். முன் சக்கரங்களில் பிரேக் கிடையாது. எனவே நெரிசலான சாலைக்கு இந்தக் காரை நான் கொண்டுபோவதில்லை. மண் சாலையில் ஓடினால் பின் சக்கரங்களைச் சுழற்றும் சங்கிலியில் புழுதி அப்பிக்கொள்ளும், அன்றே துடைத்து எண்ணெய் விட வேண்டும். அதிர்வு நீண்ட பயணத்தில் முதுகைப் பதம் பார்க்கும்.

வாங்குபவர்கள் சிலிண்டரைச் சுற்றி, அதைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும் தாமிர நீருறையில் ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். உறைபனி தொடங்குமுன் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். நான் வடித்த பிறகு குழாயைக் கழற்றியும் ஒரு முறை சரிபார்ப்பேன்.