பச்சிளங்குழந்தை ரத்தப் பரிசோதனைச் சேவை: குத்தியதில் குறையில்லை, சொல்லியதில் குறை

என் மகள் பிறந்து ஏறத்தாழ 30 மணி நேரம் ஆனபோது, வெளியே தெரியாத பிறவிக் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறியும் ரத்தப் பரிசோதனைக்காகச் செவிலியர் ஒருவர் அவளுடைய குதிகாலை வெதுவெதுப்பான துணியால் சிறிது நேரம் பொதிந்து வைத்தார். பின்னர் குதிகாலின் நடுவைத் தவிர்த்து ஓரத்தில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வந்த துளிகளை வடிதாள் அட்டையில் அச்சிட்டிருந்த ஐந்து வட்டங்களில் படிய வைத்தார். குழந்தை அரை நிமிடம் அழுதாள். தாயின் மார்பில் போட்டதும் அடங்கிவிட்டாள். பிறந்த உடனே ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, முதல் நாளில் தைராய்டைத் தூண்டும் சுரப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே கூடியிருக்கும், அப்போது எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும் என்று பொறுமையாக விளக்கினார். இதுவரை எனக்கு முழு நிறைவு.

குறை அதற்குப் பிறகுதான். முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போது எவரும் கூறவில்லை. பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வட்டங்களில் ரத்தம் தாளின் மறுபக்கம் வரை ஊறவில்லை, ஆகவே மீண்டும் எடுக்க வேண்டும் என்றார்கள். இப்பரிசோதனை தேடும் குறைகளில் ஒன்று பிறவித் தைராய்டு குறைபாடு; அது உள்ள குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையை நுணுக்கித் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும், தாமதமானால் இழந்ததை மீட்க முடியாது. அந்த இரண்டு வாரங்களில் 12 நாள்களை ஓர் அட்டையின் ஈரக்குறை தின்றுவிட்டது என்பதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அட்டை வந்து சேர்ந்த அன்றே பார்வைக்குத் தெரியக்கூடிய குறை அது.

ஆசியாவில் இந்தச் சேவை நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பான் 1977 முதல் நாடு முழுவதும் நடத்துகிறது. பிலிப்பைன்ஸ் 1996ல் மணிலா வட்டாரத்தின் 24 மருத்துவமனைகளில் தொடங்கி, 2004ல் தனிச் சட்டமே இயற்றியது. 24 மணி நேரத்துக்குப் பின், மூன்று நாள்களுக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. தொடக்கத்தில் 5 குறைபாடுகளாக இருந்த பட்டியல் பின்னர் 28க்கும் மேல் விரிந்தது. தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில், அட்டையைத் தட்டையாக வைத்து, வெயில் படாமல் உலர்த்தி, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்புவதே பாதி வேலை. வெப்பமும் ஈரப்பதமும், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியைச் சிதைத்து முடிவையே பொய்யாக்கிவிடும். இந்தியாவில் 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகளைக் கண்டறிய வழி செய்தாலும், குதிகால் ரத்தப் பரிசோதனை எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக நடப்பதில்லை.

ஜி6பிடி குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலவிய பகுதிகளில் மிகுதி என்பதால், அதைப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்திருப்பதை மனமார வரவேற்கிறேன். அக்குறைபாடுள்ள குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை வைத்தாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். இதை அறிந்த வீட்டார் செய்ய வேண்டியதெல்லாம் அதை அப்புறப்படுத்துவதுதான்.

பரிந்துரைப்பீர்களா என்றால், தயங்காமல் ஆம் என்பேன். ஆனால் வீடு திரும்பும் முன் அட்டையின் எண்ணையும், முடிவு வரும் நாளையும், அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, மறுபரிசோதனை எப்போது என்பதையும் கேளுங்கள்.

இரண்டாம் முறை வேறொரு செவிலியர் எடுத்தார். ஒவ்வொரு வட்டமும் நிறைந்த பின் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்; எங்களிடமும் காட்டினார். ஐந்து வட்டங்களும் பின்புறம் வரை சிவந்திருந்தன. நான்காம் நாளே அழைத்து, எல்லாம் இயல்பு என்றார்கள்.