ரோஜாக் கவாத்து: இலையுதிர் காலத்திலா, குளிர்காலத்தின் இறுதியிலா?

கடும் உறைபனி விழும் இடங்களில் ரோஜாச் செடியை இலையுதிர் காலத்திலேயே கவாத்து செய்தால், அதாவது தண்டுகளை வெட்டிச் சீராக்கினால், அதன்பின் துளிர்க்கும் இளந்தளிர்கள் பனியில் கருகுவதோடு, தண்டும் வெட்டிய நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயக்கூடும். உயரமான தண்டுகளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவைத்தால் பலத்த காற்றில் வேர் ஆட்டம் காணாது. அந்த அளவுக்கு மட்டும் இலையுதிர் காலக் கவாத்து பயன்தரும். முழுக் கவாத்தைக் குளிர்காலத்தின் இறுதியில் செய்வதே மேல் என்பேன். தளிர்மொட்டுகள் பருக்கத் தொடங்கும் அப்போது பட்டுப்போன தண்டு எது, உயிருள்ளது எது என்பது தெளிவாகத் தெரிவதால், வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியுமாறு வெட்டி, செடியின் நடுவில் காற்றோட்டத்துக்கு வழிசெய்யலாம். ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும் கொடி ரோஜாவுக்கு இவ்விரு பருவமும் பொருந்தாது. அது முந்தைய ஆண்டின் தண்டில் பூப்பதால், பூத்து முடிந்த பின்னரே வெட்ட வேண்டும்.