ஸ்கிரீனரின் போட்டியாளர் அட்டவணை: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

ஒரு பங்கின் பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) 40 என்றால் அது அதிகமா, நியாயமா? தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. அதே துறையின் மற்ற பங்குகளோடு வைத்துப் பார்க்க நான் சில வருடங்களாகப் பயன்படுத்துவது, நிறுவனங்களின் நிதி விவரங்களைத் தொகுத்துத் தரும் ஸ்கிரீனர் தளம். நிறுவனத்தின் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் போட்டியாளர் அட்டவணை வரும். பி.இ., சந்தை மதிப்பு, காலாண்டு லாபம், ஆர்.ஓ.சி.இ. (போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் லாப விகிதம்) எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டிய பத்திகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அடியில் இருக்கும் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வரி. ஏதோ ஒரு பங்கின் பி.இ. தாறுமாறாக இருந்தால் சராசரி கெட்டுப்போகும், மீடியன் அவ்வளவாக அசையாது.

ஆனால் அட்டவணையை அப்படியே நம்பினால் வேலைக்கு ஆகாது. இரு சக்கர வாகனத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடன்-ஈக்விட்டி (பங்குதாரர்களின் பணத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு) பத்தியைச் சேர்த்தால், ஹீரோ மோட்டோகார்ப்புக்குக் கடன் இல்லாத மாதிரி இருக்கும், டிவிஎஸ் மோட்டார் கடனில் மூழ்கிய மாதிரி தெரியும். விஷயம் வேறு. வண்டிக்கடன் கொடுக்கும் டிவிஎஸ் கிரெடிட், டிவிஎஸ் மோட்டாரின் துணை நிறுவனம். 2025 மார்ச்சில் அது கொடுத்திருந்த கடன் மட்டும் 25,000 கோடி ரூபாய்க்கு மேல். அதற்காக அது வாங்கிய கடனெல்லாம் தாய் நிறுவனத்தின் கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) கணக்கில் ஏறிவிடுகிறது. ஹீரோ ஃபின்கார்ப் என்ற நிதி நிறுவனமோ ஹீரோவுக்கு வெறும் அசோசியேட்தான் (கணிசமான பங்கு உண்டு, கட்டுப்பாடு இல்லை), அதனால் அதன் கடன் ஹீரோவின் கணக்கில் வருவதில்லை.

மார்ஜினிலும் (விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்பதிலும்) இதே கூத்துதான். நிதி நிறுவனத்தின் வட்டி வருமானம் விற்பனையில் சேரும், அது கட்டும் வட்டியோ செயல்பாட்டு லாபத்துக்குக் கீழேதான் கழியும். அதனால் டிவிஎஸ்ஸின் செயல்பாட்டு மார்ஜின் ஸ்டாண்டலோனில் (தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில்) 12 சதவீதத்தை ஒட்டியும், கன்சாலிடேட்டட்டில் 15 சதவீதத்தை ஒட்டியும் நிற்கிறது. வண்டி விற்பதில் யார் கெட்டிக்காரர் என்று பார்க்க முதல் எண்தான் உதவும்.

ராயல் என்ஃபீல்டின் ஐஷர் மோட்டார்ஸ் இதற்கு நேர் எதிர். வோல்வோவோடு சேர்ந்து நடத்தும் லாரி, பஸ் தொழிலின் விற்பனை அதன் கணக்கில் வராது, லாபப் பங்கு மட்டும் வரும். நிகர லாப மார்ஜின் பளபளக்க அதுவும் ஒரு காரணம்.

இப்போது என் வழக்கம் இதுதான்: பி.இ.க்குக் கன்சாலிடேட்டட், மார்ஜினுக்கும் கடனுக்கும் ஸ்டாண்டலோன். பக்கத்திலேயே மாற்றிப் பார்க்க வசதி இருக்கிறது. பி.இ.க்கு ஏன் கன்சாலிடேட்டட் என்றால், சந்தை விலை துணை நிறுவனங்களையும் சேர்த்துத்தானே? டிவிஎஸ்ஸில் நிதி நிறுவனம் லாபம் ஈட்டியும், 2024-25இல் கன்சாலிடேட்டட் லாபம் ஸ்டாண்டலோனைவிடக் குறைவாகவே வந்தது. இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தேடினால் நார்ட்டன் (பிரிட்டிஷ் பைக் நிறுவனம்) மாதிரியான வெளிநாட்டு முதலீடுகளில் போய் முடியும். அதை அட்டவணை சொல்லாது, ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்களின் பட்டியலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அந்த பிடிஎஃப் இணைப்பும் அதே பக்கத்தின் அடியில் இருப்பது பெரிய சௌகரியம்.